குடிநீர்ப் பிரிவின் தேசபக்தி

நகரக் குடிநீர்ப் பிரிவு அலுவலகத்தில் தேசபக்தி போதிய அளவில் இல்லை என்ற செய்தி மேலிடத்துக்கு எட்டிய நாளிலிருந்து பிரிவு அதிகாரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மனிதர் நல்லவர். யாரையும் அதட்டிப் பேசத் தெரியாது. அவருக்குக் கீழே வேலை பார்த்த இரண்டு பேர் இப்போது அவருக்கு மேலே இருந்தார்கள். அவர்களுக்கு அவரே எழுந்து வணக்கம் சொல்வார். பதவி உயர்வு இந்த வருஷம் வந்துவிடும் என்று மனைவியிடம் வருஷாவருஷம் சொல்லிவந்தார். இந்தமுறை வந்தும் இருக்கும். துணை இயக்குநர் ஆய்வுக்கு வந்தார், கோப்புகளைப் புரட்டினார், திருப்தியாகத் தலையாட்டினார். காரில் ஒரு காலை வைத்த பிறகுதான் திரும்பிக் கேட்டார்.

"எல்லாம் சரி. தேசபக்தி எங்க?"

பிரிவு அதிகாரி பழக்க தோஷத்தில் பீரோ பக்கம் திரும்பிப் பார்த்தார். மேலதிகாரிகள் கேட்பதெல்லாம் வழக்கமாக அங்கேதான் இருக்கும்.

"எது சார்?"

"மின்சார ஆபீசுல போய்ப் பாருங்க. வரி ஆபீசுல போய்ப் பாருங்க. உள்ள நுழையும்போதே தெரியுது. உங்க ஆபீசுல என்னய்யா தெரியுது? குழாய்தான் தெரியுது."

மறுநாளே அவர் போய்ப் பார்த்தார். மின்சார அலுவலகத்தில் மொட்டைமாடியிலிருந்து தரைவரை ஒரே கொடியைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஜன்னல்கள் அத்தனையும் மூடிக்கொண்டதால் பட்டப்பகலில் விளக்குப் போட்டு வேலை நடந்தது. அவர் போன சமயம் மின்சாரம் வேறு போய்விட்டது. ஊழியர்கள் இருட்டில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு பெருமிதத்தோடு நடமாடினார்கள். வரி அலுவலகத்தில் மாடிப்படிகளுக்குக் கொடியின் வண்ணங்களைப் பூசியிருந்தார்கள். பூசி முடித்த பிறகுதான், அதன்மேல் எப்படிக் கால்வைப்பது என்ற கேள்வி எழுந்தது. படிக்குக் குறுக்கே கயிறு கட்டிவிட்டு, பின்பக்கம் ஏணி போட்டார்கள். ஏற முடிந்தவர்கள் ஏறினார்கள். முடியாதவர்கள் வீட்டுக்குப் போனார்கள். கூட்டம் குறைந்ததில் ஊழியர்களுக்கு நாட்டின்மேல் பற்று இன்னும் கூடியது.

பிரிவு அதிகாரி திரும்பி வந்து கூட்டம் போட்டார்.

"ஒவ்வொருத்தரும் அவங்கவங்களுக்குப் பிடிச்ச விதத்துல தேசபக்தியை வெளிப்படுத்தலாம். கட்டாயம் ஒண்ணும் இல்ல. ஆனா வெளிப்படுத்தியே ஆகணும்."

ஜீப் டிரைவர் தான் முந்திக்கொண்டுவிட்டதாகச் சொன்னார். ஜீப்பின் முன்கண்ணாடி முழுக்கக் கொடி ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டதாம். ரோடு தெரியாதே என்று கேட்டதற்கு, தலையை வெளியே நீட்டி ஓட்டிக்கொள்வதாகச் சொன்னார். தலைமை எழுத்தரம்மா, தனக்கு இயற்கையிலேயே நாட்டை நினைத்தால் கண் கலங்கும் என்றும், வேண்டுமானால் தினமும் காலையில் கலங்கிக் காட்டுவதாகவும் சொன்னார். குழாய் ரிப்பேர்க்காரர் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"நான் குழாய் ரிப்பேர் பண்றேன் சார்."

"அது வேலைய்யா. நான் கேக்குறது பக்தி."

"வேலைய ஒழுங்காச் செஞ்சா..."

"அதுக்குச் சம்பளம் வாங்குறியா இல்லையா?"

"வாங்குறேன்."

"அப்ப அது எப்படிப் பக்தி ஆகும்? சும்மா இருந்து சம்பளம் வாங்கினாலாவது ஒரு பேச்சு இருக்கு."

ரிப்பேர்க்காரருக்கு இதில் எங்கோ ஒரு ஓட்டை இருப்பதுபோல் பட்டது. ஆனால் அவருக்குப் பழக்கமான இடத்தில் இல்லாததால் அடைக்க வரவில்லை.

கடைசியில் அதிகாரியே ஒரு வழி கண்டுபிடித்தார். அலுவலகத் தொலைபேசிக்கும் ஊழியர்களின் கைபேசிகளுக்கும் மணியோசையாகத் தேசிய கீதத்தை வைப்பது. கீதம் ஒலித்ததும் எல்லாரும் எழுந்து அசையாமல் நிற்பது. செலவில்லை, வர்ணம் உரியாது, மழையில் நனையாது. வீட்டுக்குப் போய் மனைவியின் கைபேசியிலும் அதையே வைத்துக் கொடுத்தார்.

முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. தொலைபேசி பாடியது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். யாரோ தெருவில் குழாய் கசிகிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் எடுத்தால் கீதம் நடுவில் நின்றுவிடும்.

"கீதத்தை நடுவுல வெட்டலாமா சார்?" என்று தலைமை எழுத்தரம்மா உதடு அசையாமல் கேட்டார்.

"கூடாது."

பாதி கீதம் போனதும் தொலைபேசி தானாக ஓய்ந்தது. அது எப்போதும் அந்த இடத்தில்தான் ஓயும்.

"இப்ப மட்டும் வெட்டுப்பட்டுப் போச்சே சார்?"

அதிகாரி யோசித்தார். "அது போன் கம்பெனிக்காரன் வெட்டினது. அந்தப் பாவம் அவனுக்கு. நாம எடுத்து வெட்டினாத்தான் நமக்கு."

அன்றிலிருந்து குடிநீர்ப் பிரிவில் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. ஒலிக்கும்போது எடுப்பது தேசக்குற்றம், ஓய்ந்த பிறகு எடுப்பதில் பயனில்லை. மாதக் கடைசியில் பார்த்தால், தொலைபேசிவழி வந்த புகார்கள் அறவே இல்லை. 'தேசபக்தியின் விளைவாகப் பொதுமக்களின் குறைகள் முற்றாக ஒழிந்தன' என்று அதிகாரி அறிக்கை எழுதினார். எழுதும்போது சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் துணை இயக்குநர் அதைப் படித்துவிட்டு மற்ற அலுவலகங்களுக்கும் அனுப்பிவைத்தார். தெருவில் போவோர் வருவோர் கைபேசிகளும் அதையே பாடத் தொடங்கின. ஊரே கீதம் தொடங்கியதும் எழுந்து பாதிக் கீதத்தில் உட்கார்ந்தது.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, பிரிவு அதிகாரியின் சொந்தத் தெருவில் பெரிய குழாய் உடைந்தது.

அப்போது அவர் மேஜையில் இருந்தார். கைபேசி பாடியது. திரையில் 'வீடு' என்று வந்தது. எழுந்து நின்றார். எல்லாரும் நின்றார்கள். ஓய்ந்தது. உட்காரப் போனார்கள், மறுபடி பாடியது. மறுபடி. வீட்டில் அவருடைய அப்பா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். சாதாரணமாக மனைவி இத்தனை தடவை கூப்பிடுகிற ஆளில்லை. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தார். சுண்டுவிரல் தானாகக் கைபேசியை நோக்கி நகர்ந்தது. தலைமை எழுத்தரம்மா லேசாகச் செருமினார். எதிரே ஜீப் டிரைவர், தன் கைபேசியை ஜன்னலில் சாய்த்து வைத்து, அலுவலகமே விறைத்து நிற்பதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். சுண்டுவிரல் பழைய இடத்துக்கே வந்துசேர்ந்தது.

கைபேசி ஓய்ந்தது. சற்று நேரத்தில் மனைவியே வந்து நின்றாள். முழங்கால்வரை நனைந்திருந்தாள்.

"என்னங்க, போன எடுக்க மாட்டீங்களா?"

"கீதம் பாடிச்சும்மா."

"வீட்டுக்குள்ள தண்ணி பாயுது. மாமா கட்டில்ல கெடக்கார். நான் ஒருத்தியா அவரத் தூக்க முடியுமா? உங்க ஆபீசுல இருக்கிற அத்தன நம்பருக்கும் அடிச்சாச்சு."

"தெரியும். அத்தனைக்கும் நின்னோம்."

அவள் பதில் சொல்ல வாயெடுக்கும்போது அவள் கைபேசி பாடியது. வீட்டிலிருந்து மாமனார். அலுவலகம் மொத்தமும் விறைத்து நின்றது. அவள் கீதத்தின் முதல் வரியிலேயே பொத்தானை அழுத்திக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க மாமா... வந்துட்டே இருக்கோம்... தலகாணிய மேல தூக்கி வச்சுக்கங்க."

"நடுவுல வெட்டிட்டீங்களே!" என்றார் தலைமை எழுத்தரம்மா. இந்தத் தடவை உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது.

"எத?"

"கீதத்த."

"போன் வந்துச்சு, எடுத்தேன். போனுக்கு வேற வேல என்ன?"

இப்படி ஒரு கோணம் இருப்பதே அங்கே பலருக்கு மறந்துபோயிருந்தது. ரிப்பேர்க்காரர் வால்வு திருகும் சாவியை எடுத்துக்கொண்டு முதலில் ஓடினார். அதிகாரியும் மனைவியும் பின்னால் ஓடினார்கள். நடப்பதைத் தவறவிட மனமில்லாத தலைமை எழுத்தரம்மாவும் ஜீப்பில் ஏறிக்கொண்டார். டிரைவர் தலையை வெளியே நீட்டி வண்டியைக் கிளப்பினார். அதற்கு முன்பே, அவள் கீதத்தை வெட்டியதுவரை பதிவான அந்தப் படத்தையும் ஊருக்குள் கிளப்பி விட்டிருந்தார்.

ஜீப் தெருமுனைக்குப் போனபோது அங்கே ஒரு கூட்டம் கொடிகளோடு முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. அதிகாரிக்கு ஒரு கணம் மனம் குளிர்ந்துவிட்டது. அப்பாவைத் தூக்கத்தான் தெருக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார்.

"கீதத்த வெட்டின அம்மா மன்னிப்புக் கேக்கணும்!" என்றார் முன்னால் நின்ற மருந்துக்கடைக்காரர். தெரு நலச்சங்கத்தின் தலைவரும் அவர்தான்.

"கேக்குறேன். முதல்ல தள்ளி நில்லுங்க. வால்வு உங்க காலுக்குக் கீழதான் இருக்கு" என்றாள் அவள்.

"வாயால கேட்டாப் போதாது. எல்லார் முன்னாடியும் கீதத்த முழுசாப் பாடி நிரூபிக்கணும்."

"அண்ணே, உள்ள பெரியவர் ஒருத்தர் படுத்திருக்கார்."

"நாட்ட விடப் பெரியவரா?"

அதற்குள் துணை இயக்குநரின் காரும் வந்து நின்றது. அவரும் படத்தைப் பார்த்துவிட்டிருந்தார். பளபளக்கும் ஷூவோடு தண்ணீரில் இறங்கி, முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றார். மருந்துக்கடைக்காரர் கீதத்தைத் தொடங்கினார். கூட்டம் மொத்தமும் சேர்ந்து பாடியது. ரிப்பேர்க்காரர் சாவியைத் துப்பாக்கிபோல் தோளில் சாய்த்துக்கொண்டு விறைத்தார்.

பாட்டு கம்பீரமாகப் போயிற்று. தொலைபேசி வழக்கமாக ஓயும் இடம் வந்தது. அங்கே எல்லாரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள்.

அதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை.

மருந்துக்கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தது. பிறகு எல்லாருடைய கடைக்கண்ணும் துணை இயக்குநரிடம் போயிற்று. பல்லில் ஏதோ சிக்கியதுபோல் அவர் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. கீதத்தை நடுவில் விட்டுவிட்டு நகர்ந்தால் குற்றம். முடிக்கலாம் என்றால் பாட்டு இல்லை. ஆகவே எல்லாரும் நின்றார்கள். தண்ணீர் மட்டும் தன்பாட்டுக்கு ஏறியது.

உள்ளேயிருந்து கிழவரின் குரல் கேட்டது. "டேய்! கட்டில் ஆடுதுடா!"

பிரிவு அதிகாரியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. சின்ன வயதில் அவருக்குக் காய்ச்சல் வந்தால், பாதி வேலையில் போட்டது போட்டபடி ஓடி வருகிற அப்பா அவர். அந்தக் குரலுக்குக் கால் அசைய மறுக்கிறதே என்று அவர் அழுதார். பக்கத்தில் நின்றவர்கள் அந்தக் கண்ணீரை ஓரக்கண்ணால் பார்த்து, இவரல்லவோ தேசபக்தர் என்று உருகினார்கள்.

அவர் அழுவதை மனைவியும் பார்த்தாள். பிறகு அமைதியாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நான் மீதிய மனசுக்குள்ள பாடி முடிச்சுட்டேன். உங்களுக்கெல்லாம் இன்னும் முடியலையா?"

"நான் அப்பவே முடிச்சுட்டேன். மத்தவங்களுக்காகத்தான் நின்னேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நான் ரெண்டு தடவை முடிச்சாச்சு" என்றார் தலைமை எழுத்தரம்மா.

"உங்க எல்லாருக்கும் முன்னாடியே எனக்கு முடிஞ்சிருச்சு. பதவிய முன்னிட்டு வெளியில சொல்லல" என்றார் துணை இயக்குநர்.

ஆளுக்கு ஆள் முடித்ததாகச் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். ரிப்பேர்க்காரர் குனிந்து வால்வைத் திருகினார். அதிகாரி வீட்டுக்குள் பாய்ந்து அப்பாவைக் கையில் அள்ளினார். கிழவர் நனைந்த வேட்டியும் நனையாத தலையணையுமாக மகனைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

துணை இயக்குநர் கிளம்பும்போது அதிகாரியைத் தனியாக அழைத்தார். "மனசுக்குள்ள பாடுறதுன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்களே... ரொம்ப உயர்ந்த முறையா இருக்கே. சத்தமும் இல்ல, தப்பும் வராது."

மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. இனி மணியோசையில் கீதம் வேண்டாம். ஒவ்வோர் ஊழியரும் தமக்கு வசதியான நேரத்தில், வசதியான நிலையில், மனத்துக்குள் கீதத்தை முழுமையாகப் பாடலாம். அவ்வாறு பாடுபவரைத் தொந்தரவு செய்வது தேசத்தைத் தொந்தரவு செய்வதாகும். கூடவே பிரிவு அதிகாரிக்குப் பதவி உயர்வும் வந்தது.

தொலைபேசிகள் பழையபடி மணி அடித்தன. எடுக்கத்தான் ஆள் இல்லை. அலுவலகம் அலுவலகமாக ஊழியர்கள் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, மனத்துக்குள் பாடிக்கொண்டிருந்தார்கள். தலைமை எழுத்தரம்மா பாடும்போது லேசாகக் குறட்டையும் வரும். முதலில் ஜனங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களுக்கும் இதிலுள்ள சௌகரியம் பிடிபட்டது. கடைக்காரர்கள் பாடினார்கள். வீட்டுப்பாடம் எழுதவேண்டிய பிள்ளைகள் பாடினார்கள்.

விடுமுறை நாளொன்றில் மனைவி வீட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அன்று வந்த சேறு இன்னும் மூலைகளில் ஒட்டியிருந்தது.

"என்னங்க, அந்த வாளிய இப்படிக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

அவர் மடியில் பத்திரிகையை வைத்துக்கொண்டு மெல்லக் கண்ணை மூடினார்.

"முடிஞ்சதும் சொல்லுங்க" என்றாள். அவருக்கு முடிந்தபாடில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். இவருக்கு நாம் என்ன குறைச்சல் என்று அவளும் கண்ணை மூடினாள்.

"அடுப்புல பால் வாசன வருதே, யாராவது போய்ப் பாருங்கப்பா!" என்று கட்டிலிலிருந்து கிழவர் குரல் கொடுத்தார். பதில் இல்லை. தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் இருந்த இருப்பைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்தது. தலையணையைச் சரிசெய்துகொண்டு அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அதை இறக்கி வைக்க, தேசபக்தி இல்லாத ஆள் ஒருவர்கூட அந்த வீட்டில் இல்லை.