சுலக்ஷனாவின் இடது முழங்கால் தொடர்பாக

பெருமதிப்புக்குரிய விளையாட்டு ஆசிரியர் ஜெயகாந்தன் சேர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் வீட்டாரும், தங்கள் கழுத்தில் தொங்கும் விசிலும் நலமாயிருக்க முருகனை வேண்டி, சுலக்ஷனாவின் அப்பா சோலைமலை எழுதுவது.

மகளின் இடது முழங்காலுக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு புடைப்பு இருப்பது தாங்கள் அறிந்ததே. தாங்கள் அவளைக் காலையில் ஓட்டத்துக்கும் மாலையில் நீளம் பாய்தலுக்கும் அழைக்கிறீர்கள், சனி ஞாயிறு எங்கள் தேயிலைத் தோட்டத்து விளையாட்டுக் கழகம் வலைப்பந்துக்கு அழைக்கிறது. கால் வலிக்கிறது என்றதும், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சுளுக்கு எடுக்கும் வேலாயி அக்கா புடைப்பை உள்ளே தள்ளிவிடலாம் என்று எண்ணெய் போட்டு அழுத்தினார். புடைப்பு அசையவில்லை. பிள்ளை போட்ட சத்தத்தில் கொழுந்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவே மலையிலிருந்து இறங்கி வந்து விசாரித்துவிட்டுப் போனார். பிறகுதான் ஹட்டனில் டாக்டரிடம் காட்டினோம்.

"வளர்ற வயசுங்க. எலும்பு முந்திக்கிட்டு நீளுது, தசை அதைப் பிடிச்சு இழுக்குது, இழுக்கிற எடம் நோகுது. ஓட்டம், பாய்ச்சல் எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. நோவு அடங்கினதும் மெதுவா ஆரம்பிக்கலாம்" என்றார்.

நானும் எல்லாரிடமும் சொன்னேன். "ஓட வேணாம், சும்மா பாயட்டும்" என்றீர்கள் தாங்கள். "பாயத்தாங்க கூடாது, இது பந்துதானே" என்றார் கழகத் தலைவர் கிஷாந்த். ஆளாளுக்கு ஓய்வை அடுத்தவர் மைதானத்தில் எடுக்கச் சொல்கிறீர்கள். பிள்ளையோ யாரிடமும் முடியாது என்று சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு போகிறாள். மாகாணப் போட்டியில் ஓட அவளுக்கு ஆசை, எனக்கும்தான். ஆனால் போன வாரம் லயத்துப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள் சேர்.

ஆகவே, நோவு அடங்கும்வரை அவளை எந்தப் பயிற்சிக்கும் அழைக்க வேண்டாம் எனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். டாக்டர் எழுதித் தந்த துண்டுச் சீட்டையும் இணைத்திருக்கிறேன். வீட்டில் அவள் காலைக் கவனிப்பது என் பொறுப்பு. அதில் தங்களுக்குக் கவலையே வேண்டாம்.

தங்கள் பிள்ளைகள் எல்லாப் போட்டியிலும் கிண்ணம் தூக்க வாழ்த்தும்,
சோலைமலை

பி.கு.: கடிதத்தை முடிப்பதற்குள் கீழே ரோட்டில் ஸ்கூல் பஸ் ஹார்ன் அடித்துவிட்டது. "ஓடும்மா, ஓடு! குறுக்குப் பாதையில குதிச்சு எறங்கு!" என்று இதை அவள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். பிடித்துவிடுவாள். தாங்கள் கொடுத்த பயிற்சி அப்படி.