ஆர்வோவின் ஆகாயச் சட்டை

"ஃபூஷ்ஷ்!"

லாரி டயரில் ஆணி ஏறியது போல் ஒரு சத்தம். விடிந்தும் விடியாத அந்த மங்கலில், மரத்தின் மேல் கட்டிய பரணில் வில்லோடு குந்தியிருந்த ஆர்வோவுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு வெள்ளை வால் தெரிந்தது. அதைக் கொடி மாதிரி உயர்த்திக்கொண்டு ஒரு மான் பைன் மரங்களுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. ஓடுகிற மான் சும்மா ஓடினால் என்ன? 'அதோ பாருங்கள், அந்த மரத்தில் ஆர்வோ!' என்று மூக்கால் ஊதி ஊரையே கூட்டிச் சொல்லிவிட்டல்லவா ஓடுகிறது!

அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. கொஞ்சம் மூக்கைச் சொறிந்தார். அவ்வளவுதான்.

இரும்புச் சுரங்கத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மரத்தில் ஏறுகிற மனிதர் அவர். தூக்கம் கண்ணைச் சுழற்றும். ஆனால் இந்த வருஷம் தூங்க முடியாது. வீட்டில் ஒரு சுவர் தொங்கலில் இருந்தது.

கணப்படுப்புக்கு எதிர்ச்சுவர் அது. அங்கே பெரிய கொம்போடு ஒரு மான் தலையை மாட்ட வேண்டும் என்பது ஆர்வோவின் வாழ்நாள் கனவு. அதே இடத்தில் சுவரை அறுத்து, ஏரியைப் பார்த்தாற்போல ஒரு ஜன்னல் வைக்க வேண்டும் என்பது அவர் மனைவி லெம்பியின் கனவு. பேசிப் பார்த்தார்கள், சண்டை போட்டார்கள், பேசாமலும் இருந்து பார்த்தார்கள். கடைசியில் ஒரு சனிக்கிழமை சவுனா என்கிற நீராவி அறையில் வியர்த்துக்கொண்டிருக்கும்போது லெம்பிதான் பந்தயம் கட்டினாள்: துப்பாக்கிக் காலம், அதாவது மானைத் துப்பாக்கியால் சுட அனுமதி உள்ள நாட்கள், தொடங்குவதற்குள் வில்லால் யார் முதலில் மான் அடிக்கிறாரோ அவருக்கே சுவர். வெந்நீர் ஆவியில் ஆர்வோ தைரியமாகத் தலையாட்டிவிட்டார். வெளியே வந்து உடம்பு ஆறின பிறகுதான் லெம்பியின் அம்புக் குறி எப்பேர்ப்பட்டது என்பது ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் லெம்பி காப்பியை நீட்டினாள்.

"மான் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்புறம்?"

"போயிருச்சு."

"உன்கிட்ட ஏதாச்சும் சொல்லிட்டுப் போச்சா?"

"என் மூஞ்சியப் பாத்துத் தும்மிட்டுப் போச்சு."

"பாவம், அதுக்கும் உன்னைப் பாத்தா தும்மல் வருதா?"

அன்று மத்தியானம் தூக்கம் வராமல் கூரையை வெறித்துக்கொண்டு கிடந்தபோதுதான் ஆர்வோவுக்கு அந்த யோசனை பளிச்சிட்டது. தான் கண்ணில் படக் கூடாது. லெம்பி நன்றாகக் கண்ணில் பட வேண்டும். இதைவிட எளிய கணக்கு உலகத்தில் உண்டா? எழுந்து கடைவீதிக்கு ஓடினார்.

"லெம்பி, உனக்கு ஒண்ணு வாங்கியாந்திருக்கேன்."

"கல்யாண நாள்கூட இல்லியே?"

பையிலிருந்து வெளியே வந்தது ஒரு ஆரஞ்சு கோட்டு. சாதாரண ஆரஞ்சு இல்லை. அதன் ஒளி தாங்காமல் பூனை எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டது.

"இது துப்பாக்கிக் காலத்துல போடுறதாச்சே. வில்லோட போறவங்க யாரும் இதைப் போடுறதில்லியே, ஆர்வோ?"

"அவனவனுக்கு அவனவன் பொண்டாட்டி மேல அக்கறை இல்ல. காட்டுக்கோழி சுடுறவனுங்க திரியுற காடு. எவனாவது உன்னை மானுன்னு நெனச்சிட்டா?"

லெம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, போட்டுக்கறேன். உனக்கு?"

ஆர்வோ பெருமையோடு ஒரு நீல மேலங்கியை விரித்தார். லெம்பிக்குத் திடீரென்று இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"எதுக்கு நீலம்?"

"மான் கீழ நிக்குது. நான் மேல உக்காந்திருக்கேன். அண்ணாந்து பாத்தா அதுக்கு என்ன தெரியும்?"

"நீ."

"அதான் இல்ல! வானம்!"

அதோடு விடவில்லை. வெள்ளைப் பெயின்டை எடுத்துவந்து அந்த நீலத்தில் மேகம் வரைந்தார். போட்டுக் காட்டினார். லெம்பி தள்ளி நின்று ரசித்தாள்.

"அந்த நடு மேகம் கொஞ்சம் குண்டா இருக்கு."

"அது மேகமில்ல, என் வயிறு."

"தலையும் கையும் மட்டும் வானத்தோட சேராம தனியாத் தெரியுதே. இரு, நீலக் கம்பளி இருக்கு. தொப்பியும் கையுறையும் பின்னித் தர்றேன்."

ஆர்வோ உருகிப்போனார். இவ்வளவு நல்லவளையா ஏமாற்றுகிறோம் என்று நெஞ்சு உறுத்தியது. ஆனால் மான் தலைக்கு எந்த ஆணி அடிக்கலாம் என்று யோசித்ததும் உறுத்தல் நின்றுவிட்டது.

மறுநாளிலிருந்து புல்வெளிக்கு இந்தப் பக்கம் அவர் பரண், அந்தப் பக்கம் அவள் பரண். ஆரஞ்சு கோட்டில் அவள் உட்கார்ந்திருந்தது, மரம் தீப்பற்றி எரிவது மாதிரி இருந்தது. ஆர்வோ மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

மான்கள் வந்தன. ஆர்வோவின் மரத்தைக் கண்டதும் நின்றன. கழுத்தை நீட்டின. முன்காலால் தரையைத் தட்டின. "ஃபூஷ்ஷ்!" அடுத்த நாள் வேறு சில வந்தன. அவையும் ஊதிவிட்டு ஓடின. ஒரு தாய் மான் தன் குட்டியை அழைத்துவந்து நிறுத்தி, நிதானமாக அவரைக் காட்டிவிட்டுப் போனது.

பிறகு ஒரு காலையில் மான்களிலேயே ஒரு பெரியவன் வந்தான். காய்ந்த மரக்கிளையைத் தலையில் கவிழ்த்தது போலக் கொம்பு. தூரத்திலிருந்தே ஆர்வோவை ஒரு பார்வை பார்த்தான். ஒதுங்கி, அரைவட்டம் போட்டு நடந்து, லெம்பியின் எரிகிற மரத்துக்கு நேர் கீழே போய் நின்று புல் மேய ஆரம்பித்தான். ஆர்வோ வாயைப் பிளந்தார். எதிர் மரத்தில் லெம்பியின் நாண் அதிர்ந்தது.

"தொப்."

மானை இழுத்துவரப் பக்கத்து வீட்டு ரூடி கைகொடுத்தான். ஆர்வோவைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டான்.

"நீயாப்பா அது? நான் ரோட்டுலேர்ந்து பாத்துட்டு, எவனோ மரத்து மேல போர்வை காயப் போட்டிருக்கான்னுல்ல நெனச்சேன்!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் ஆர்வோ கறி அரைக்கும் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். லெம்பி வெங்காயம் உரித்தாள். சட்டியில் மான் ஈரல் வதங்கும் வாசனை வீட்டை நிறைத்தது. சுவரில் சுண்ணக்கட்டியால் ஜன்னலுக்கு அளவு போட்டாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், அங்கே ஏரி தெரிந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது. ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கைப்பிடியை நிறுத்தினார்.

"லெம்பி, எனக்கு அவ்ளோ தூரத்துலேர்ந்து கண்ணு கூசுச்சு. அந்த மானுக்கு நீ எப்படித் தெரியாம போனே?"

"உனக்குக் கூசும். நீ மான் இல்லியே."

"அப்படின்னா?"

"ஆரஞ்சு, செவப்பெல்லாம் அதுங்களுக்குக் காஞ்ச புல்லு மாதிரி மங்கலாத்தான் தெரியும். நீலம்தான் பளிச்சுன்னு அடிக்கும். போன கோடையில முட்டைக்கோஸ் தோட்டத்தைச் சுத்தி ஆரஞ்சு வலை கட்டினேன். ராத்திரியெல்லாம் வந்து முட்டி மோதி உள்ள விழுந்துச்சுங்க. அப்புறம் நீலக் கயிறு வாங்கினேன். எட்டவே நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிருச்சுங்க. அந்தக் கயித்தக் கட்டினது யாரு, தெரியுமா?"

"யாரு?"

"நீதான்."

ஆர்வோ மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இவ்ளோ தெரிஞ்சுமா எனக்கு நீலத் தொப்பி பின்னிக் குடுத்தே? கையுறை வேற!"

லெம்பி கத்தியைக் கீழே வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அவரை அன்பாகப் பார்த்தாள்.

"ஆர்வோ, எனக்கு நீ ஆரஞ்சு கோட்டு வாங்கிக் குடுத்தது என் மேல இருக்கற அக்கறையிலதானே?"

ஆமாம் என்றால் வாயை மூட வேண்டும். இல்லை என்றால் அதற்கு மேல் திறக்கவே முடியாது.

"ஆ... ஆமா."

"நானும் அதே அக்கறையிலதான் பின்னினேன்."

ஆர்வோ இன்னொரு துண்டுக் கறியை எடுத்துப் போட்டு, கைப்பிடியை மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.