ஸ்டெனோ மாமாவின் அவரை இலாகா

பம்பாயில் குழந்தைகளைக் கசக்கிப் பிழிந்து வேலை வாங்கியதில் ஸ்டெனோ மாமாவை மிஞ்ச ஆளே கிடையாது. நான் அவரிடம் எட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் களைப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

அறுபதுகளில், செம்பூரில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவர் குடியிருந்தார். ஃபோர்ட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் ஸ்டெனோகிராபர். அங்கே அவர் பேச்சைக் கேட்க ஒரு பியூன்கூடக் கிடையாது. அந்தக் குறையை எங்களை வைத்துத் தீர்த்துக்கொண்டார்.

அவர் சமையலறைக்குப் பின்னால் நாலு கட்டில் போடுகிற அளவுக்கு மண்தரை இருந்தது. அதில் சிமென்ட் பூசி ஸ்கூட்டர் நிறுத்த வேண்டும் என்று கட்டடத்தின் செக்ரட்டரி ஒற்றைக்காலில் நின்றார். மாமா கெஞ்சிக் கூத்தாடி, கண்பதி பண்டிகை வரை தவணை வாங்கியிருந்தார். அதற்குள் அங்கே தோட்டம் என்று ஒன்று கண்ணில் பட்டால் மண் பிழைக்கும். இல்லாவிட்டால் சிமென்ட்தான்.

மாமாவுக்கும் மாமிக்கும் குழந்தை இல்லை. சொந்தம் என்று சொல்ல ஒரு பிடி மண்ணும் இல்லை. ஆகவே கட்டடத்துக் குழந்தைகளை எல்லாம் கூட்டி, ஆளுக்கு நாலு விதை கொடுத்து, இலாகா பிரித்தார். எனக்கு அவரை. பக்கத்து வீட்டு ஆறு வயது ராதாவுக்கு வெண்டை.

வருகையைக் குறிக்க மஸ்டர் ரோல் உண்டு. மூன்று நாள் லேட்டாக வந்தால் ஒரு நாள் வேலை கிடையாது என்று அறிவித்தார். மறுநாளிலிருந்து நாங்கள் அத்தனை பேரும் லேட். மாமா தலையைச் சொறிந்து யோசித்து, லேட்டாக வந்தால் ஒரு வாளி எரு கூடுதல் என்று சட்டத்தைத் திருத்தினார். எரு என்றால், மார்க்கெட்டைத் தாண்டி இருந்த தபேலாவிலிருந்து, அதாவது எருமைக் கொட்டிலிலிருந்து, சாணி சுமந்து வருவது. தோள்பட்டை கழன்றுவிடும்.

ஜூலை மழை கொட்டும்போதும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ட்யூட்டி சார்ட்டில் அப்படித்தான் இருந்தது. ராதா குடை பிடிப்பாள், நான் ஊற்றுவேன். ஒருநாள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலிலிருந்து கத்தினாள்.

"இப்படிக் கொட்டறதே மாமா, இன்னும் என்னத்துக்குத் தண்ணி?"

"மழை கவர்ன்மென்ட் சமாசாரம் மாமி. இது நம்ம டிபார்ட்மென்ட்."

எல்லாவற்றையும்விடக் கொடுமை டெய்லி ரிப்போர்ட். சாயங்காலம் ஆறு பத்து லோக்கலில் வந்து இறங்கி, சட்டையைக்கூடக் கழற்றாமல் ஃபைலோடு நிற்பார்.

"அவரை! என்னடி ப்ராக்ரஸ்?"

"அரை அங்குலம் மாமா."

"பேஷ்! வெண்டை?"

"கால் அங்குலம். நேத்து அரை இருந்தது" என்பாள் ராதா.

"பரவாயில்லே. அட்ஜஸ்ட்மென்ட்னு போட்டுக்கலாம்."

மண்ணுக்கு மேலே ஒரு தளிர்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஃபைலில் மட்டும் எல்லாம் அமோகமாக வளர்ந்தது. மாமா கண்ணை நம்பவில்லை, ஃபைலை நம்பினார். "கீழே வேலை நடந்துண்டிருக்கு. மேலே வரத்துக்கு டயம் ஆகும். எங்க ஆபீஸ்லேயும் அப்படித்தான்" என்றார்.

கண்பதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை செக்ரட்டரி வந்து சேற்றைப் பார்த்தார்.

"கிதர் ஹை பகீச்சா?" தோட்டம் எங்கே என்று கேட்டார். மாமா ஃபைலை நீட்டினார். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று.

ராதாவுக்குத் தாங்கவில்லை. "இருக்கு மாமா, நான் காட்டறேன்" என்று உட்கார்ந்தாள். விரலால் மண்ணைக் கிளறி, முளைவிட்ட ஒரு விதையை வெளியே எடுத்து, பாவாடையில் துடைத்து, ஸ்கேலை வைத்து அளந்தாள். "கால் அங்குலம்" என்று சொல்லிவிட்டு, பத்திரமாகத் திரும்பப் புதைத்தாள்.

"தினம் இப்படித்தான் எடுக்கறேளா?" மாமாவின் குரல் கிணற்றுக்குள் போய்விட்டது.

"எடுக்காம எப்படி மாமா அளக்கறது?" என்றேன் நான்.

செக்ரட்டரி வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு எங்களைக் கையால் காட்டி, இந்தப் பிள்ளைகள்தான் எல்லாவற்றையும் நாசம் பண்ணிவிட்டன என்றார். எனக்கு அழுகை முட்டியது. மாமா எங்கள் முதுகில் நாலு வைக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

மாமா செருப்பைக் கழற்றினார். சேற்றில் இறங்கி வந்து எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டார். "கல்தி மேரா ஹை சாப். பச்சோங்கா நஹீன்." தப்பு என்னுடையது, குழந்தைகளுடையது இல்லை என்று இரண்டு தரம் சொன்னார்.

அடுத்த வாரமே சிமென்ட் பூசிவிட்டார்கள். எங்களுக்குச் சாயங்காலம் திரும்பக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு நானும் ஃபோர்ட்டில் முப்பத்திரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்ந்துவிட்டேன். தங்கள் தப்பை என் தலையில் கட்டிய மேனேஜர்கள் எத்தனையோ பேர். என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் ஸ்டெனோ மாமா ஒருவர்தான். முழங்கால் இருக்கிற இருப்பில் இனி யாரிடமும் வேலைக்குப் போவதாக இல்லை. அவர் கூப்பிட்டால் போவேன்.