மூன்றுக்கு இறங்காத ஈரம்

திரையில் ஐந்து என்று வந்தது. மூன்று வரவேண்டும்.

"ஐயோ, போச்சு!" என்றாள் களிமண்.

வீட்டில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆறு வருடமாகக் களிமண்ணுக்குள் இருக்கும் தண்ணீரையே ஆராய்ந்துகொண்டிருந்ததால் ஆய்வுக்கூடத்தில் இந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மண்ணைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, பெரிய காந்தத்துக்குள் இறக்கி, ரேடியோ அலையால் மெல்லத் தட்டினால் உள்ளே இருக்கும் தண்ணீர் பதில் சொல்லும். பதில் எவ்வளவோ, ஈரம் அவ்வளவு. எத்தனை மணி நேரம் ஓவனில் உலர்த்தினாலும் மண்ணின் அடுக்கடுக்கான ஏடுகளுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் போகாமல் படுத்திருக்கும், அதன் அளவு நூற்றுக்கு மூன்று என்பதுதான் அவள் கண்டுபிடிப்பு. இன்று வெளியூர்த் தேர்வாளர் முன்னால் அதைச் செய்து காட்ட வேண்டும். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் ஆறு வருடமும் மண்ணாய்ப் போகும்.

பத்து மணிக்கு, நரைத்த மீசையும் கனத்த பையுமாக வாசலில் வந்து நின்ற பெரியவரை அவள் பேசவே விடவில்லை.

"வணக்கம்மா, நான் வந்து..."

"தெரியும் சார், உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கேன். இந்த நாற்காலியை விட்டு நீங்க அசையவே கூடாது."

"இல்லம்மா, ஒரு தடவை பாத்துட்டு..."

"பாக்கத்தானே சார் போறீங்க! எல்லாத்தையும் நானே காட்டுறேன்."

பெரியவர் உட்கார்ந்தார். காப்பி வந்தது.

மண்ணை மறுபடி ஒரு மணி நேரம் ஓவனில் காயவைத்து எடுத்தாள். ஓவனுக்கும் காந்தத்துக்கும் பத்தடி தூரம். அதற்குள் அந்தப் பாழாய்ப்போன மண் காற்றிலிருந்த ஈரத்தைக் குடித்துவிட்டது. ஏழு!

வெளியே காலையிலிருந்தே தூறல். "அக்கா, ஜன்னலை எல்லாம் சாத்துங்க. ஃபேனையும் நிறுத்துங்க" என்றாள், குழாய் கழுவும் அக்காவிடம். ஏசி வேறு நாலு நாளாய் மண்டையைப் போட்டிருந்தது. அறை புழுங்கித் தள்ளியது. திரையில் பதினொன்று.

"எங்கேருந்துக்கா வருது இவ்வளவு ஈரம்?"

"நம்ம மூச்சுதான் கண்ணு. கண்ணாடியில ஊதினா நனையுதுல்ல?"

"அப்ப மூச்சு விடாதீங்க!"

"எவ்வளவு நேரத்துக்கு?"

"நான் சொல்ற வரைக்கும்!"

அக்கா முப்பது எண்ணும்வரை தாக்குப்பிடித்துவிட்டு வெளியே ஓடிப்போனாள். களிமண் தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு குழாயை இறக்கினாள். அடக்கிய மூச்சு தும்மலாய் மாறி நேராகக் குழாய்க்குள்ளேயே போனது. பத்தொன்பது.

பெரியவருக்கு வியர்வை ஆறாக ஓடியது. அந்த அறையிலேயே அதிக ஈரம் அவரிடம்தான் இருந்தது. தேர்வாளரிடம் போய் அதை எப்படிச் சொல்வது?

"சார், கொஞ்சம் வராந்தாவில காத்து வாங்குறீங்களா?"

"அசையக் கூடாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?" என்று பயந்துகொண்டே கேட்டார் அவர்.

அவ்வளவுதான். களிமண் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்தது. இயந்திரம் தாலாட்டுவதுபோல் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. அழுகை வர வேண்டிய நேரத்தில் அவளுக்கு என்னமோ தூக்கம்போல் கண் சொக்கியது.

"முடியல சார். ஆனா அந்தத் தண்ணி உள்ளதான் இருக்கு. சும்மா கிடக்கிற தண்ணி ரொம்ப நேரம் பேசிட்டே இருக்கும். ஏட்டுக்கு நடுவுல இருக்கிறது ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு அடங்கிடும். அதைக் கேக்கத்தான் ஆறு வருஷம். சில நாள் கண்ணை மூடினா நானும் அந்த இடுக்குக்குள்ள போய்ப் படுத்துக்குவேன். உள்ள வெளிச்சமே இருக்காது. எப்ப படிப்பை முடிப்பேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. மேலேயும் கீழேயும் மண்ணு, நடுவுல நானு. அவ்வளவு நிம்மதி சார்."

பெரியவர் கண் கொட்டாமல் கேட்டார். காப்பி ஆறிப்போயிருந்தது.

"இவ்வளவு காயவெச்சுமா அது போகல?"

"போகல சார்."

"அடேயப்பா! பிடிவாதக்காரத் தண்ணிதான். நான் நம்புறேம்மா."

களிமண்ணுக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. துள்ளி எழுந்து படிவத்தை நீட்டினாள். "அப்ப இங்க ஒரு கையெழுத்து சார்!"

எங்கே என்று கேட்டுக்கொண்டு, காட்டிய இடத்தில் நிதானமாகப் போட்டார். அக்கா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். திரையில் இருபத்தாறு வந்தது. யாரும் பார்க்கவில்லை.

பெரியவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"படிச்சவங்க யாரும் எங்கிட்ட இவ்வளவு நேரம் உக்காந்து பேசினதில்லம்மா, ரொம்ப சந்தோஷம். இப்பவாவது அந்த ஏசியைக் கழட்டிப் பாக்க விடுறீங்களா?"