சங்கிலி சாரின் கிணறு

'சும்மா' என்ற சொல்லைக் கேட்டால் சண்டைக்கு வரும் ஒரே தமிழரை நான் பார்த்திருக்கிறேன். நமக்கெல்லாம் சோறு இல்லாமல்கூட ஒரு நாளை ஓட்டிவிடலாம், சும்மா இல்லாமல் ஓட்ட முடியாது. "சும்மாதான் சார் வந்தேன்" என்று அவர் அறைக்குள் கால் வைத்தவன், வந்த காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வெளியே போனதில்லை.

பெயர் ஏதோ ஒன்று இருந்தது. சுண்ணாம்புக்கல் குவாரியில் சர்வேயர், சங்கிலி போட்டு நிலம் அளப்பவர் என்பதால், அரியலூரில் நாங்கள் தங்கியிருந்த லாட்ஜ் முழுக்க அவர் சங்கிலி சார்தான். எண்பதுகளின் தொடக்கம். கப்பலில் வேலை பார்த்த அவருடைய மச்சான் லீவில் வந்தபோது ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரப் பையன்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷத்தை வாயாலேயே ஆடி, கட்டை உருட்டிக் கதையை நகர்த்துவார்களாம். மச்சான் சொன்னது பாதி. மீதியை இவரே செய்துகொண்டார். பழைய புளூபிரிண்ட் தாளின் பின்பக்கம் ஒரு ராஜ்ஜியம் வரைந்தார். ஏழு மலை, மூன்று ஆறு, அரியலூர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கடல்.

"இங்க ஏது சார் கடலு?"

"குவாரில சிப்பியும் நத்தையும் கல்லாக் கெடக்குதே, அதெல்லாம் பஸ் புடிச்சா வந்துச்சு?"

உருட்டுவதற்குப் பித்தளைத் தாயக்கட்டை. ஆடுவதற்கு மூன்று பேர்: டைம் ஆபீஸ் கிளார்க்கான நான், வெல்டர் இப்ராகிம் பாய், கிரஷர் ஓட்டும் செந்துறைக் கலியமூர்த்தி. ஒருவர் குறைந்தாலும் ஆட்டம் கிடையாது. ஞாயிறு மூன்று மணிக்கு ஆட்டம், அதே நேரம் டாக்கீஸில் மேட்னி. பாவம், மனிதர் இரண்டரைக்கே கதவைத் திறந்து வைத்து, பென்சிலைச் சீவிக்கொண்டு மாடிப்படியையே பார்த்திருப்பார். மேட்னி ஜெயித்த ஞாயிறுகளில் தாளைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.

எங்களை இழுக்கப் பக்கோடா வாங்கிப் பார்த்தார். பக்கோடாவைத் தின்றுவிட்டு மேட்னிக்குப் போனோம். அப்புறம்தான் அந்தக் கேள்வியை ஆரம்பித்தார்.

"நீங்க யாரு?"

"தளபதி சார்" என்றேன்.

"தளபதிக்கு என்ன வேணும்?"

"போர்ல ஜெயிக்கணும்."

"எதுக்கு?"

"சும்மா ஒரு..."

போச்சு! "கீழ போயி ஒரு டீ அடிச்சிட்டு, யோசிச்சிட்டு வாங்க. என்ன வேணும்னே தெரியாத ஆளு எதுக்கு எந்திரிச்சு நடப்பான்?"

மூன்றாவது டீயில் உண்மை வந்தது. என் தளபதிக்குப் போரே வேண்டாம், ராஜா கூப்பிடாத ஒரு வாரம் லீவு வேண்டும். சார் துள்ளிக் குதித்தார். அடுத்த நான்கு ஞாயிறும் அரண்மனைத் தூதனிடமிருந்து ஒளிந்து ஓடுவதே என் பிழைப்பாகிவிட்டது. இப்ராகிம் பாய் அரண்மனைச் சமையல்காரர். அவருக்கு ராஜாவே எழுந்து வந்து இன்னொரு கரண்டி பிரியாணி கேட்கவேண்டும்.

கலியமூர்த்தி மட்டும் திருடனாக வந்து சுவரில் சாய்ந்து தூங்குவான்.

"திருடனுக்கு என்னடா வேணும்?"

"புதையல் சார்." ஒரு கொட்டாவி.

"எடுத்து?"

"வூட்டுக்குப் போவேன்."

"போயி?"

கொட்டாவி பாதியில் நின்றது. "கெணறு வெட்டுவேன் சார். எங்க கொல்லையில அப்பா மூணு எடத்துல வெட்டிட்டாரு. பாறைதான் வருது."

சார் பென்சிலை எடுத்தார். ஏழாவது மலைக்குக் கிழக்கே ஒரு வட்டம் போட்டார். "வெட்டு. வாரத்துக்கு ஒரு தடவதான் உருட்டலாம். தாயம் விழுந்தா தண்ணி."

ஐந்து ஞாயிறும் பாறை. இப்ராகிம் பாய்க்கே பொறுக்கவில்லை. "யா அல்லா! ஒரு தாயம்னு சொல்லித்தான் வைங்களேன் சார்."

"கட்டைக்கும் அவனுக்கும் நடுவுல நான் வரமாட்டேன் பாய்."

கலியமூர்த்தி மேட்னியை மறந்தான். ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தான். ஆறாவது ஞாயிறு விழுந்தது ஐயா, தாயம்! பயல் கீழே ஓடி, பூந்தி வாங்கி வந்து லாட்ஜ் முழுக்கக் கொடுத்தான். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடமெல்லாம், "கெணத்துல தண்ணி வந்துருச்சுங்க!" என்றான். பூந்தி தின்றவர்களில் ஒருவர் செந்துறை பஸ் கண்டக்டர்.

அடுத்த ஞாயிறு மாடியேறி வந்தவர் கலியமூர்த்தியின் அப்பா.

"எங்கடா கெணறு? ஊரே என்னையக் கேக்குது. எனக்குத் தெரியாம எந்தக் கொல்லையில வெட்டுன?"

கலியமூர்த்தி தாளிலிருந்த வட்டத்தைக் காட்டினான். பெரியவர் வட்டத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"மூட்டையக் கட்டு. கெளம்பு ஊருக்கு."

அன்றோடு ஆட்டம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். சார் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் மனுஷன் பழக்கத்தை விடவில்லை.

"போறதுதான் போறீங்க, ஒண்ணு சொல்லிட்டுப் போங்கய்யா. தண்ணி வந்துருச்சு. என்ன போடலாம்? நான் கடலைன்னு நெனச்சேன்."

வாசல் வரை போன பெரியவர் நின்றார். "தண்ணிய வச்சுக்கிட்டு எவனாச்சும் கடலை போடுவானா? நெல்லு போடுங்க."

"மேட்டு நெலமாச்சேய்யா?"

"எங்க, காட்டுங்க."

துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். ஆறு மணி பஸ்ஸுக்கு எழுந்தபோது நாற்றங்கால் விட்டிருந்தார். மகனைக் கூட்டிப்போக வந்ததே அவருக்கு மறந்துவிட்டது. மறு ஞாயிறு எங்களுக்கு முன்னால் வந்து, நடவுக்கு ஆள் சொல்லியாச்சா என்று சாரை அதட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் நான் கேட்டேன். "எல்லாரையும் கேக்குறீங்களே, உங்களுக்கு என்ன சார் வேணும்?"

"எனக்கா? நான் சும்மா..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கீழ போயி டீ அடிச்சிட்டு யோசிச்சிட்டு வாங்க!" என்று இப்ராகிம் பாய் விரட்டினார். சார் நிஜமாகவே இறங்கிப் போனார். திரும்பி வந்து, எங்கள் முகத்தைப் பார்க்காமல், தாயக்கட்டையைத் துடைத்தபடி சொன்னார்.

"மூணு மணிக்கு யாராச்சும் வந்து இந்தக் கதவத் தட்டணும். அவ்வளவுதாங்க."

பக்கோடாவைத் தின்றுவிட்டு மேட்னிக்கு ஓடியதை நினைத்து எனக்கு வெட்கமாகிவிட்டது.

கதவென்னவோ எப்போதும்போல் இரண்டரைக்கே திறந்துதான் கிடந்தது. ஆனாலும் அவர் மாற்றலாகிப் போகும்வரை, ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனோம்.