மெயின் தவளை, கிளைத் தவளை

ஈஸ்டர் வரைக்கும் தவளையைத் தொடமாட்டேன் என்று சர்ச்சில் முழங்கால் போட்டுப் பொருத்தனை பண்ணினேன். நம்புங்கள், நல்ல எண்ணத்தில்தான் பண்ணினேன்.

தவளை என்றால் டிவி கேம். என் மச்சினன் மைக்கேல் பம்பாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. பச்சைத் தவளை ஒன்று குளம் குளமாகத் தாவிப் போய்க் கடைசியில் பாம்பு ராஜாவை மிதித்துக் கொல்ல வேண்டும். ராஜபாளையத்தில் மில் ஷிப்ட் முடிந்து, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தால், சட்டையைக் கழற்றும் முன்னே தவளைதான். அதை விட்டேன் என்றால் சும்மாவா!

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து காலத்தில் ஆளுக்கொரு பிடித்த விஷயத்தை விட வேண்டும் என்பது எங்கள் சபை வழக்கம். என் மனைவி கிருபாபாயும் பக்கத்தில் முழங்கால் போட்டாள். ஈஸ்டர் வரைக்கும் புருஷனோடு சண்டை போடுவதில்லை என்று பொருத்தனை பண்ணினாள். அவளுக்குப் பிடித்தது அது.

வீட்டில் அப்படி ஓர் அமைதி. மின்விசிறிச் சத்தம் எனக்குக் கேட்டது அந்த வாரம்தான். அந்த அமைதியோடு நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். கை இருக்க விட்டதா?

மைக்கேல் கொடுத்த கேசட்டுகளில் தவளை கார் ரேஸ் என்று ஒன்று கிடந்தது. அடுத்த வீட்டு சௌந்தரபாண்டியனைக் கூப்பிட்டேன். டிவி ரிப்பேர் பார்க்கிறவர். கேம் விஷயத்தில் எங்கள் தெருவுக்கே அவர்தான் ஜட்ஜ்.

"அண்ணாச்சி, தவளை காரு ஓட்டுதே, அதுவும் தவளை கேம்தானா?"

"எப்படிவே ஆகும்? அது கிளை, மெயின் இல்ல. தவளைக்குப் பதிலா நீரு ஏறி உக்காந்தாலும் அந்தக் காரு ஓடும்."

"அப்போ மெயினுன்னா எது?"

"மூணு வேணும். அதே தவளை. போன பாகத்துல விட்ட எடத்துலருந்து கதை தொடரணும். கடைசியில அதே பாம்பு ராஜா வரணும். ஒண்ணு கொறைஞ்சாலும் கிளைதான்."

வாசல்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த கிருபாபாய் நிமிர்ந்தாள்.

"ஏங்க, அப்போ கிளையை வெளையாண்டா பொருத்தனை முறியாதா?"

"முறியவே முறியாது!"

"நெசமா?"

"அண்ணாச்சிதான் சாட்சி."

"சரி" என்றாள். அவள் ஒரே வார்த்தையோடு நிறுத்தியபோதே நான் பயந்திருக்க வேண்டும். முட்டாப்பய, கார் ஓட்டினேன்.

மறுநாள் குளித்துவிட்டு ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டேன்.

"அறிவிருக்கா உங்களுக்கு? மெத்தை என்ன கொடியா? எம்புட்டு தடவை சொல்றது?"

"கிருபா! பொருத்தனை!"

"என்ன பொருத்தனை? நான் விட்டது மெயின் சண்டை. அதே ஆளு, நீங்க. நம்ம கல்யாணப் பந்தியில விட்ட எடத்துலருந்து கதை தொடரணும். கடைசியில பாம்பு ராஜாவா உங்க அக்கா வரணும். துண்டுக்குள்ள அவிய எங்க வாராவ? இது கிளை!"

அய்யோ! பேஸ்ட் மூடிக்கு ஒரு கிளை. செருப்புக்கு ஒரு கிளை. நான் குறட்டை விடுவதில் மட்டும் ரெண்டு கிளை. மெயின் சண்டையாவது மாதம் ஒன்றுதான் வரும். இது விடிந்தால் ஆரம்பித்துப் பொழுது அடையும்வரை ஓடியது. காருக்குள் உட்கார்ந்திருந்த தவளையைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் மூளை வேலை செய்தது. கிளையை நானே மெயின் ஆக்கிவிட்டால்? அவள் வாயைத் திறக்க முடியாதே!

"குழம்புல உப்பு இல்லன்னு சொல்ல மட்டும் வாய் இருக்கு" என்று அவள் தொடங்கினாள். நான் எழுந்து நின்றேன்.

"எல்லாத்துக்கும் எங்க அக்கா பரிபூரணம்தான் காரணம்!"

கிருபாபாய் வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாரு? செத்த சத்தமாச் சொல்லுங்க."

"எங்க அக்கா! கல்யாணப் பந்தியில உங்க அப்பாவுக்கு எலை போடாம விட்டாளே, அன்னைக்கு ஆரம்பிச்சது!"

"சேச்சே, மதினி நல்லவியல்லா?"

"யாரு, அவளா? பாம்பு! பாம்பு ராஜா! ஆளு, கதை, பாம்பு, மூணும் வந்தாச்சு. இப்போ இது மெயினு. மூடு வாயை!"

அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். ஜெயித்தேன்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினேன்.

வாசலில் அக்கா நின்றாள். வத்திராயிருப்பு பஸ்ஸில் வந்து இறங்கி, தேங்காய்ப் பையோடு.

"ஏலே பால்துரை, யாருல பாம்பு?"

"வாங்க மதினி" என்றாள் கிருபாபாய். "வரச் சொல்லி விட்டேனே, இன்னும் காணலையேன்னு பாத்தேன். நான் ஈஸ்டர் வரைக்கும் சண்டை போட மாட்டேன். நீங்க பேசுங்க."

அக்கா பையைக் கீழே வைத்து, சேலையை இழுத்துச் செருகினாள்.

அக்கா லெந்துக்கு விட்டது கருவாடு மட்டும்தான்.