இருபத்துநான்கு கிலோ காணவில்லை

ஊழியர்களின் உடல்நலத்தில் துறை அக்கறை கொண்டுவிட்டது என்ற துயரச் செய்தி ஒரு திங்கட்கிழமை காலை சுற்றறிக்கையாக வந்து சேர்ந்தது. ஒவ்வொரு அலுவலகமும் மூன்றே மாதத்தில் தன் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாக வேண்டும். தவறினால் சம்பள உயர்வு கிடையாது.

படித்து முடித்ததும் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. அங்கே பதிவறை எழுத்தர் உட்கார்ந்திருந்தார். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. ஆனாலும் ஆளின் அகல உயரம் பார்த்து அலுவலகம் வைத்த பேர், பீரோ.

பீரோ ஏற்கெனவே டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவர். மாசம் ஒரு கிலோ குறைந்தால் போதும், தினமும் நடங்க, ராத்திரியில் இரண்டாம் தடவை தட்டை நீட்டாதீங்க என்று டாக்டர் சொல்லியிருந்தார். பீரோவுக்கும் பெரிய ஆசை எதுவுமில்லை. தன் செருப்பு வாரைத் தானே குனிந்து மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இப்போதைக்கு அவர் மனைவிதான் மாட்டிவிடுகிறாள், "மகாராஜா, காலைக் காட்டுங்க" என்று தினமும் ஒரு குத்தலோடு.

"மாசம் ஒரு கிலோவா? ஏன்யா, தவணையில கடன் அடைக்கிறியா?" என்று குதித்தார் கிளை அதிகாரி.

"மெதுவா குறைஞ்சாதான் நிலைக்கும்னு டாக்டர் சொன்னார் சார்."

"அவருக்கென்ன, சொல்லிட்டுப் போவார். அறிக்கை அனுப்பப் போறது நான்ல!"

தலைமை எழுத்தர் தொண்டையைக் கனைத்தார். "சார், இவரை இளைக்க வைக்கிறது கஷ்டம். இடம் மாத்துறது சுலபம்."

எல்லோரையும் நிறுத்து முடித்த மறுநாளே பீரோ அடுத்த கிளைக்கு மாற்றப்பட்டார். அவர் விட்டுப்போனது சின்ன அலுவலகம்தான். ஒரு சொட்டு வியர்வை சிந்தாமல் ஒரே நாளில் நூற்றுப் பத்து கிலோ இளைத்து, பாராட்டுக் கடிதமும் வாங்கிவிட்டது.

துறையிடம் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்றே ஒன்று. ஆகவே திட்டம் கிளை கிளையாகத்தான் நகர்ந்தது. இயந்திரம் போன இடமெல்லாம் பீரோவும் போனார். வந்ததும் அவரையும் சேர்த்து நிறுப்பார்கள். மூன்று மாதம் முடிகிற அன்று வழியனுப்பிவிடுவார்கள்.

"பீரோவை எப்பய்யா அனுப்புறீங்க?" என்று அடுத்த கிளையிலிருந்து போன் வரும்.

"இருங்க, இன்னும் நாங்களே இளைக்கல!"

பஸ்ஸை நம்பாமல் பீரோ கிளைகளுக்கு நடந்தே போனார், நடந்தே வந்தார். இப்படியே எட்டுக் கிளைகள், இரண்டு வருடம். ஒருநாள் காலை மனைவி வாசலுக்கு வந்தபோது அவர் செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் நின்றார்.

"அடப்பாவி மனுஷா, என் வேலையையும் பிடுங்கிட்டீங்களா?" என்றவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசியாகத் தலைமை அலுவலகம். அவரை நம்பியே இரண்டு வருடமாய்க் காத்திருந்த பெரிய அதிகாரி இயந்திரத்தின் முள்ளைக் குனிந்து பார்த்தார்.

"எண்பத்தாறா? மீதி எங்கேய்யா?"

"குறைஞ்சிருச்சு சார்."

"யாரைக் கேட்டுக் குறைச்சே? இந்த எடையில உன்னை வெளிய அனுப்பினா எங்க பத்தில ஒரு பங்கு தேறுமா?"

துறையின் பயன்பாட்டிலிருந்த இருபத்துநான்கு கிலோவை முன் அனுமதியின்றி அப்புறப்படுத்திய குற்றத்துக்கு விசாரணை உத்தரவானது. முதல் நிறுவை பத்து நாள் தள்ளிவைக்கப்பட்டது. அதற்குள் பழைய எடைக்குத் திரும்பாவிட்டால் வேலை போய்விடும்.

"வேலை போனாப் போகட்டும் சார். ஏத்திக்க மாட்டேன்" என்றார் பீரோ. அவருடைய பணிக்காலத்தில் அவர் சொன்ன முதல் மறுப்பு அது.

காணாமல்போன எடையை அலுவலகமே ஈடுகட்டுவது என்று அவசரக் கூட்டத்தில் முடிவானது. நிறுவைக்கு முன்னால் ஏற்றிக்கொண்டால் பிறகு இறக்கிக் கணக்குக் காட்டிவிடலாமாம். கடமை உணர்வோடு எல்லோரும் தட்டோடு களத்தில் இறங்கினார்கள். பெரிய அதிகாரி முன்மாதிரியாக இருந்தார். எடை கிடுகிடுவென ஏறியது. ஏறியது, இறங்கவில்லை.

கெடு முடிந்தும் ஏற்றிக்கொள்ளாத பீரோவை வேலையிலிருந்து தொலைக்க இருந்த ஒரே வழி அந்த விசாரணைக் கோப்பு. அது மூன்றாவது மாடிப் பதிவறையில் இருந்தது. முதல் மாடி திரும்புவதற்குள் விசாரணை அதிகாரிக்கு மூச்சு வாங்கியது. மற்றவர்கள் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பீரோவையே அனுப்பினார்கள். அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

"கிடைச்சுதாய்யா?" என்று கீழேயிருந்து குரல் திணறி வந்தது.

"தேடிட்டே இருக்கேன் சார்! சந்தேகமா இருந்தா நீங்களே ஒரு நடை வந்து பாருங்களேன்!"

யாரும் வரவில்லை. பீரோ ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. தேடுகிறார்.